அரிது வேறு, கடினம் வேறு

டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் வீழ்த்தியவர்கள் மூவர்தான்: 1956-ல் ஜிம் லேக்கர், 1999-ல் அனில் கும்ப்ளே, 2021-ல் அஜாஸ் படேல். அமெரிக்க பேஸ்பாலில் 1941-ல் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ‘ஹிட்’ அடித்தார். அதை இன்றுவரை எவரும் எட்டவில்லை. எது கடினமான சாதனை? எத்தனை பேர் செய்தார்கள் என்று எண்ணினால் விடை கிடைக்காது. பத்து விக்கெட்டுக்கு மறுமுனைப் பந்துவீச்சாளருக்கு ஒரு விக்கெட்கூட விழாமல் இருக்க வேண்டும். டெல்லியில் கும்ப்ளேயின் பத்தாவது விக்கெட்டுக்காக மறுமுனையில் வீசிய சக வீரர் ஸ்ரீநாத் வேண்டுமென்றே ஸ்டம்புக்கு வெளியே வீசினார். திறமையோடு தற்செயலும் அதில் கலந்திருக்கிறது. தொடர் சாதனைகளும் அப்படித்தான்; ஒரு நல்ல கேட்ச் போதும், கதை முடிந்துவிடும்.

ஆகவே, அடுத்தவரிடமிருந்து எவ்வளவு தூரம், எத்தனை காலம் என்பதே சரியான அளவுகோல் என்பேன். 52 டெஸ்ட்களில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிராட்மனின் ரன் சராசரி 99.94. அந்தக் காலத்தில் ரன் குவிப்பது எளிது என்பார்கள். அப்படியானால் அதே காலத்தில் ஆடிய இங்கிலாந்தின் மகத்தான ஹாமண்டின் சராசரி ஏன் 58.45-லேயே நின்றது? மேற்கிந்தியத் தீவுகளின் ஹெட்லியும் 60.83-ஐத் தாண்டவில்லை. டிமாஜியோவுக்கு அடுத்தவர்கள் 44, 45 வரை வந்துவிட்டார்கள். என் தீர்ப்பு, பிராட்மனுக்கே.