மெழுகு வேறு, பாலிஷ் வேறு: கடல் காற்றில் நிற்கும் கார்கள்

மும்பையில் விடியுமுன்பே தொடங்கும் வேலைகளில் கார் துடைப்பதும் ஒன்று. கார்க்காரர்கள் ஆபீசுக்குக் கிளம்புமுன் கட்டடத்துக் கார்கள் அத்தனையும் முடிந்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே வாளி, ஒரே துணி. சில மாதம் கழித்து வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை போலக் கீறல். பழி துடைத்தவர் தலையில் விழுகிறது. சம்பளத்தில் கை வைப்பவர்களும் உண்டு.

கீறுவது துணி அல்ல, துணியில் ஒட்டிய மணல். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் கண்ணாடி போன்ற ஒரு பூச்சு உண்டு. அதன் கனம் பெரும்பாலும் 50 மைக்ரானுக்குள்தான்; தலைமுடியை விட மெல்லிசு! முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டுப் பிறகு துணியை வைக்க வேண்டும். சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி. கூடுதல் செலவு அந்த வாளி மட்டுமே. பாத்திரம் துலக்கும் சோப்பு கூடாது. போட்ட மெழுகையும் அது கழுவிக்கொண்டு போய்விடும்.

பாலிஷும் மெழுகும் ஒன்றென்றே பலர் நினைக்கிறார்கள். பாலிஷ், மேற்பூச்சைத் தேய்த்து எடுக்கிறது. கீறல் மறைவது அதனால்தான். பளபளப்புக்காக மாதாமாதம் போட்டால் பூச்சே தீர்ந்துபோகும். மெழுகு எதையும் எடுப்பதில்லை. மேலே படிந்து, உப்பும் பறவை எச்சமும் பெயின்டைச் சட்டென்று அரிக்காமல் தடுக்கிறது. கார்க்காரர் பாலிஷ் போடச் சொன்னால், எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மெழுகில் பெயர் பெற்றது கார்னோபா. பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுப்பது. உருக 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். சீலண்ட் என்பது செயற்கைப் பொருள். சில மாதங்கள் தாங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும் ஊரில், தெருவில் நிற்கும் வண்டிக்கு அதுதான் கட்டுப்படியாகும். மே மாதத்திலேயே போட்டுவிட வேண்டும். செராமிக் கோட்டிங் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்றாலும் செலவு ஆயிரக்கணக்கில் போகும். தவணையில் பழைய கார் வாங்கிய குமாஸ்தாவுக்கு அது எதற்கு?

எதைப் போட்டாலும் நிழலில், தகடு சூடு ஆறிய பிறகு, மெல்லிசாகப் போட வேண்டும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அன்றைக்கு மின்னும், மறுநாள் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

கழுவிய காரில் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் போதும். முத்து முத்தாக உருண்டால் காப்பு இருக்கிறது. பரவி அப்படியே நின்றால் மறுபடி போடும் நாள் வந்துவிட்டது.