இணையப் பாதுகாப்பு: சாவி முதலாளியின் கையில்

நிறுவனத்தின் கணினிகள் திடீரென்று முடங்கிவிட்டால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள்? கணினிப் பிரிவு ஊழியரைத்தான். அவரும் ஓடி வருவார், இரவெல்லாம் கண் விழிப்பார். மறுநாள் பழியும் அவர் தலையில்தான் விழும். ஆனால், பழைய மென்பொருளை மாற்ற இவ்வாண்டு பணம் இல்லை என்று சொன்னவர் யார்? ஐந்து பேர் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துவதைக் கண்டும் காணாமல் இருந்தவர் யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் அது நிர்வாகத் தலைமையின் வாசலில் போய் நிற்கும்.

பினாங்கு வணிகர்களுக்கு இது புதிய பாடமன்று. ஜோர்ஜ்டவுன் பினாங்கு வீதியில் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய காலத்தை எண்ணிப் பார்க்கலாம். பெட்டியைச் செய்து கொடுப்பது தொழிலாளியின் வேலை. அதன் சாவி யாரிடம் இருக்க வேண்டும், கணக்கை யார் சரிபார்க்க வேண்டும் என்பது தொழில் நடத்துபவரின் முடிவு. இன்று இரும்புப் பெட்டி கணினியாக மாறிவிட்டது. முடிவெடுக்க வேண்டியவர் மட்டும் மாறவில்லை.

வங்காளதேசம் கற்ற பாடம்

2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் ஊடுருவிய திருடர்கள், நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து சுமார் 951 மில்லியன் அமெரிக்க டாலரை எடுக்கக் கட்டளைகள் அனுப்பினார்கள். பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. இலங்கைக்குப் போன 20 மில்லியன் டாலர், பெறுநரின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் பிடிபட்டது. பிலிப்பைன்ஸுக்குப் போன 81 மில்லியன் டாலர் கைமாறிவிட்டது.

அந்த வங்கியின் வலையமைப்பில் தீயரண் இல்லை என்றும், 10 டாலர் விலையுள்ள பழைய இணைப்புக் கருவிகள் பயன்படுத்தப்பட்டன என்றும் விசாரணை அதிகாரி ஒருவர் பின்னர் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் கூறினார். சில ஆயிரம் டாலர் செலவழிப்பதா வேண்டாமா என்ற முடிவு எவ்வளவு பெரிய இழப்புக்கு வழி திறந்துவிடும் என்பதற்கு இதுவே சாட்சி. அடுத்த மாதமே வங்கியின் ஆளுநர் அதியுர் ரஹ்மான் பதவி விலகினார்.

ஈராண்டுகளுக்குப் பின், 2018 மார்ச்சில், மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவிலும் போலிக் கட்டளைகள் மூலம் பணத்தை மாற்ற முயற்சி நடந்தது. அது முறியடிக்கப்பட்டது, பண இழப்பு ஏற்படவில்லை என்று வங்கி அறிவித்தது.

பாயான் லெப்பாஸுக்கு என்ன தொடர்பு?

1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது முதல் பினாங்கின் சோற்றுப் பானை மின்னணுத் தொழில்தான். பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகம் செய்பவர்கள், கருவி பழுது பார்ப்பவர்கள், சரக்கு ஏற்றுபவர்கள் என்று எத்தனையோ சிறு நிறுவனங்கள் பிழைக்கின்றன.

2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி. சில்லு ஆலைகள் சில நாள் தடுமாறின. வெளியிலிருந்து எவரும் குறிவைத்துத் தாக்கவில்லை. புதிதாக வந்த கருவி ஒன்று, வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கப்படாமலேயே வலையமைப்பில் இணைக்கப்பட்டது. அந்தக் காலாண்டு வருமானத்தில் சுமார் 3 விழுக்காடு பாதிக்கப்படும் என்று நிறுவனம் முதலில் மதிப்பிட்டது. அந்த வைரஸ் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

பாயான் லெப்பாஸ் சிறு நிறுவன முதலாளி இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் அனுப்பும் ஒரு கருவி, ஒரு மடிக்கணினி, ஒரு மின்னஞ்சல் வழியாக வாடிக்கையாளரின் ஆலை நின்றுபோகலாம். அப்படி நின்றால் அடுத்த குத்தகை அவருக்குக் கிடைக்குமா? பாதுகாப்பு வெறும் செலவுக் கணக்கு அன்று, வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் காக்கும் வணிக உத்தி.

சட்டமும் மாறிவிட்டது

2025 மார்ச்சில் மலேசிய விமான நிலைய நிறுவனத்தின் கணினி அமைப்பைத் தாக்கியவர்கள் 10 மில்லியன் அமெரிக்க டாலர் கேட்டார்கள். மறுக்க ஐந்து வினாடி கூடத் தேவைப்படவில்லை என்றார் பிரதமர் அன்வார் இப்ராஹிம். ஆனால், எந்த முதலாளியும் அப்படித் துணிந்து மறுக்க வேண்டுமானால், தகவல்களின் நகல் வேறிடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைத் தாக்குதல் நடந்த நாளில் செய்ய முடியாது.

2024 ஆகஸ்ட் 26-இல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், வங்கி, மருத்துவம், எரிசக்தி, போக்குவரத்து உள்ளிட்ட 11 துறைகளின் முக்கிய அமைப்புகளைக் கட்டுப்படுத்துகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஆபத்து மதிப்பீடும், ஈராண்டுக்கு ஒருமுறை தணிக்கையும் கட்டாயம். தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்திற்குள் விவரம் தர வேண்டும். நிறுவனம் குற்றம் செய்தால் அதன் இயக்குநர்கள் மீதும் வழக்குத் தொடரலாம். திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2025 ஜூன் முதல், கடும் பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்திற்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும்.

முதலாளி கேட்க வேண்டியவை

கணினி மொழி தெரியாத முதலாளியும் ஐந்து கேள்விகளைக் கேட்கலாம். எந்தத் தகவல் போனால் நம் தொழில் நின்றுவிடும்? அதைத் திறக்கும் உரிமை யார் யாருக்கு உண்டு? நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுத்துப் பார்த்தது கடைசியாக எப்போது? வேலையை விட்டுப் போனவரின் கணக்கு மூடப்பட்டதா? நள்ளிரவில் தாக்குதல் நடந்தால் இயந்திரங்களை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

இவற்றுக்குத் தெளிவான பதில் வராவிட்டால், கணினிப் பிரிவைத் திட்டுவதில் பயனில்லை. பணம், ஆள், அதிகாரம் மூன்றையும் கொடுக்க வேண்டியவர் முதலாளி. தவறான இணைப்பைத் தட்டிவிட்ட ஊழியர் பயப்படாமல் உடனே வந்து சொல்லும் சூழலை உண்டாக்க வேண்டியவரும் அவரே. திட்டு வாங்குவோமோ என்று அந்த ஊழியர் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குக் கிடைக்கும் அவகாசம். வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள் பெரியவர்கள். அணைக்குக் கல் சுமப்பவர்கள் பலர் இருக்கலாம். கட்டச் சொல்ல வேண்டியவர் தலைவர்தான்.