ஐந்தடி கூட இல்லாத வாத்தியாரம்மா!

கல்லூரி விட்டு வரும்போது பஸ் ஸ்டாப்பில் ஒருவன் என் மகளின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அழுதுகொண்டே வந்தவள், "தற்காப்புப் பயிற்சிக்குப் போறேம்மா" என்றாள். "நீ இருக்கிற ஒல்லிக்கு அதெல்லாம் எதுக்குடி? பார்த்துப் போ, போதும்" என்று தடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் எடித் கேருட் பற்றிப் படித்தேன். லண்டனில் வாழ்ந்த இந்த அம்மாளின் உயரம் ஐந்தடி கூட இல்லை. ஜப்பானிய ஆசான் உயெநிஷியின் பள்ளியில் ஜூஜுட்சு கற்றவர். 1908-ல் ஆசான் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியதும், பெண்கள், குழந்தைகள் வகுப்புகளை இவரே நடத்தினார். ஓட்டுரிமை கேட்ட பெண்களுக்கு அடியும் சிறையும் கிடைத்த காலம் அது. தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் மீண்டும் கைதாகாமல் காக்க, 1913-ல் சுமார் 30 பெண்கள் கொண்ட படை அமைந்தது. அவர்களுக்கு வாத்தியார் இவர்தான்!

இந்தக் கலையில் பலத்தோடு பலம் மோதுவதில்லை. இழுப்பவன் பக்கமே சாய்ந்து, அவன் தடுமாறும் நேரம் பார்த்து, அவன் எடையாலேயே அவனைச் சாய்க்கிறார்கள். மணிக்கட்டைப் பிடித்தால், அவன் கட்டை விரல் பக்கமாகத் திருப்பிக் கையை உருவிக்கொண்டு ஓடிவிட வேண்டும். அடிபடாமல் கீழே விழுவதற்கும் பயிற்சி உண்டு.

ஒல்லி என்று நான் சொன்னது எவ்வளவு தப்பு! இப்போது மகளை வகுப்புக்கு நானே அழைத்துப் போகிறேன். "பார்த்துப் போ" என்று அனுப்பினால் மட்டும் போதுமா, தோழியரே? பிடித்த கையை விடுவிக்கவும் சொல்லித் தர வேண்டாமா?

- ஒரு வாசகி