கிட்டாருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

கோவில் நகைகளுக்குப் பெயர் பெற்ற ஊர் நாகர்கோவில் வடசேரி. நாட்டியப் பெண்கள் அணியும் நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் எல்லாம் இங்கே உருவாகின்றன. கல் பதிக்கும் தொழிலாளி முதலில் கல்லின் அளவைப் பார்ப்பார். பிறகு அது உட்காரும் குழியைப் பார்ப்பார். இரண்டும் பொருந்தாவிட்டால் கல் கழன்று விழும்.

கிட்டார் வாங்கும் இளைஞர்களுக்கும் இதுவே பாடம். ஆம்பிளிபயரும் ஸ்பீக்கரும் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு வராது, புகைதான் வரும்!

கம்பி பாடுவது எப்படி?

மின்சாரக் கிட்டாரில் இருப்பவை உருக்குக் கம்பிகள். அவற்றின் கீழே காந்தமும், மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும் உண்டு. இதற்கு 'பிக்கப்' என்று பெயர். உருக்குக் கம்பி அதிர்ந்தால் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். அதைப் பெரிதாக்குவது ஆம்பிளிபயர். மறுபடியும் ஓசையாக்குவது ஸ்பீக்கர். நைலான் கம்பி போட்டால் இந்தப் பிக்கப் பேசாது. காந்தத்துக்கும் நைலானுக்கும் உறவு கிடையாது.

ஓம் கணக்கு

ஸ்பீக்கரின் பின்புறம் '8 ஓம்' என்று எழுதியிருக்கும். மின்சாரத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது.

குளத்தில் ஒரு மடையைத் திறந்தால் தண்ணீர் அளவாகப் போகும். நான்கு மடைகளை ஒரே நேரத்தில் திறந்தால்? குளம் தாங்காது. 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 4 ஓம் ஆகிவிடும். நான்கை அப்படி இணைத்தால் 2 ஓம்தான். ஆம்பிளிபயரில் 'குறைந்தது 4 ஓம்' என்று போட்டிருந்தால், 2 ஓமில் அது கொதித்துக் கருகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டை இணைத்தால் 16 ஓம். ஆபத்து இல்லை; ஓசை குறையும்.

வால்வு ஆம்பிளிபயர் வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கர் இல்லாமல் அதை இயக்கவே கூடாது.

கொடை விழா வில்லுப்பாட்டுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர்கள் வேறு ஜாதி. தொலைதூரத்துக்கு வயர் இழுக்கும் அந்த மைக் செட்டுகளில் பெரும்பாலும் 100 வோல்ட் முறை இருக்கும். அவற்றைக் கிட்டார் பெட்டியோடு சேர்க்காதீர்கள்.

எத்தனை வாட்?

வீட்டில் பழக 10 வாட் தாராளம். 20 வாட் வாங்கினால் ஓசை இரு மடங்காகாது, சற்றே கூடும். காதுக்கு இரு மடங்காகக் கேட்க, ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும்! ஆகவே வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஆம்பிளிபயர் கொடுப்பதைவிட ஸ்பீக்கர் தாங்கும் வாட் அதிகமாக இருக்கட்டும்.

வயரை மாற்றாதீர்கள்

கிட்டாரிலிருந்து வரும் வயருக்கு வலை உறை உண்டு. இரைச்சல் புகாமல் அது காக்கும். ஸ்பீக்கர் வயர் தடிமனானது. ஒன்றை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் கிட்டார் இரையும். அல்லது வயர் சூடேறும்.

உயிர் பெரிது!

மூன்று முள் பிளக்கில் பெரிய முள்தான் 'எர்த்'. பொருந்தவில்லை என்று அதை வெட்டி எறிபவர்கள் உண்டு. அது விபரீதம்! 1972-ல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில், லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டார். மேடையிலேயே மின்சாரம் தாக்கி மாண்டார். கிட்டார்க் கம்பி ஒரு கையில், மைக் மறு கையில் என்றால் மின்சாரம் உடல் வழியே பாயும். எர்த் இல்லாத இடத்தில் வாசிக்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும் இணைத்தபிறகு, ஓசைத் திருகைக் குறைத்து வைத்து, ஆம்பிளிபயரைக் கடைசியாகப் போடுங்கள். முடிந்ததும் முதலில் அதை அணையுங்கள்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். பக்கத்து வீட்டுக் குழந்தை உறங்கட்டும். பாட்டு காலையிலும் இனிக்கும்!