கதையில் வரும் பூச்சாண்டி!

குழந்தை சோறு உண்ண மறுக்கிறது. தாய் என்ன செய்கிறாள்? வாசல் பக்கம் கையைக் காட்டுகிறாள். "அதோ, பூச்சாண்டி வருகிறான்!" என்கிறாள். குழந்தை மிரண்டு போய் வாயைத் திறக்கிறது. ஒரு கவளம் உள்ளே போகிறது.

பூச்சாண்டியை யாராவது பார்த்தது உண்டா? கிடையாது. அவனுக்கு முகம் இல்லை. ஊர் இல்லை. வீடு வாசல் இல்லை. அதனால்தான் அவனைக் கண்டு பயம்!

"பூச்சாண்டி நம் தெருக்கோடியில் குடியிருக்கிறான். அவனுக்கு மூன்று பிள்ளைகள். சின்னவனுக்கு இன்று காய்ச்சல்" என்று தாய் சொன்னால் என்ன ஆகும்? குழந்தை பயப்படாது. "பாவம், அம்மா!" என்று சொல்லும்.

பெரியவர்களுக்கும் பூச்சாண்டி காட்டுகிறவர்கள் உண்டு. அவர்களில் கதை எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். சாதாரண எழுத்தாளர்கள் அல்ல; உலகப் புகழ் பெற்றவர்கள்! சென்ற 25 ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்த பல நாவல்களில், அந்தப் பூச்சாண்டி ஒரு முஸ்லிம்.

இது எப்படி வந்தது? இதனால் யாருக்கு என்ன கேடு? இதற்கு மாற்று என்ன? பார்ப்போம்.

இடிந்த கோபுரங்கள்

2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி. அமெரிக்காவில் 19 பேர் நான்கு விமானங்களைக் கடத்தினார்கள். இரண்டு விமானங்கள் நியூயார்க் நகரத்தின் இரட்டைக் கோபுரங்கள் மீது மோதின. கோபுரங்கள் இடிந்து விழுந்தன. அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 3 ஆயிரம் பேர் மாண்டார்கள்.

விமானங்களைக் கடத்தியவர்கள் அரபு நாட்டு முஸ்லிம்கள். இது கற்பனை அல்ல, நடந்த கொடுமை. அந்தக் கொலைகாரர்களைக் கண்டு உலகம் நடுங்கியதில் வியப்பு இல்லை.

ஆனால், நான்கே நாளில் இன்னொன்று நடந்தது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மேசா என்று ஓர் ஊர். அங்கே ஒருவர் பெட்ரோல் பங்க் நடத்தி வந்தார். தலையில் தலைப்பாகை. முகத்தில் தாடி. செப்டம்பர் 15-ந் தேதி அவர் தன் பங்கின் முன்னால் பூச்செடி நடும் வேலையில் இருந்தார். ஒருவன் வண்டியில் வந்தான். துப்பாக்கியை நீட்டினான். சுட்டான். அவர் அங்கேயே விழுந்து இறந்தார்.

இறந்தவர் யார் தெரியுமா? முஸ்லிமே அல்ல! இந்தியாவிலிருந்து போய்க் குடியேறிய சீக்கியர். சுட்டவன் அவருடைய பெயரைக் கேட்கவில்லை. மதத்தைக் கேட்கவில்லை. தாடியும் தலைப்பாகையும் அவனுக்குப் போதுமாக இருந்தன.

"தாடி வைத்தவன், தலைப்பாகை கட்டியவன் எல்லாம் எதிரி" என்ற படம் அவன் மனத்தில் பதிந்து கிடந்தது. அவன் ஏதோ ஒரு நாவலைப் படித்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினான் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மனத்தில் உள்ள படம்தான் கையை ஏவுகிறது. அந்தப் படத்தை ஊரார் பேச்சும், சினிமாவும், கதையும் சேர்ந்து வரைகின்றன.

இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துச் சொன்னவர் எட்வர்ட் சையது. ஜெருசலேம் நகரில் பிறந்தவர்; கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1978-ல் "ஓரியண்டலிசம்" என்ற நூலை எழுதினார். மேல்நாட்டு எழுத்தாளர்களும் அறிஞர்களும் கீழ்நாட்டு மக்களைத் தனித்தனி மனிதர்களாகப் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கும் ஒரே முகத்தை மாட்டிவிட்டார்கள் என்று அவர் காட்டினார்.

லாரியில் வெடிகுண்டு

கோபுரங்கள் இடிந்ததை நேரில் பார்த்த எழுத்தாளர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜான் அப்டைக். புலிட்சர் பரிசை இருமுறை பெற்றவர். அன்று நியூயார்க்கில், புரூக்ளின் பகுதியில் ஒரு வீட்டு மாடியில் இருந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2006-ல், "டெர்ரரிஸ்ட்" என்ற நாவலை வெளியிட்டார். "பயங்கரவாதி" என்று பொருள்.

கதாநாயகன் அகமது. வயது 18. பள்ளியில் கடைசி வகுப்பு. தந்தை எகிப்து நாட்டவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே விட்டுவிட்டுப் போய்விட்டார். தாய் வெள்ளைக்காரி. பையன் பள்ளிவாசலே கதி என்று இருக்கிறான். லாரி ஓட்டக் கற்கிறான். கடைசியில் லாரி நிறைய வெடிமருந்தை ஏற்றி, ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையைத் தகர்க்கப் புறப்படுகிறான்! அவன் பள்ளியில் வேலை பார்க்கும் ஜாக் லெவி என்ற யூதர் அந்த லாரியில் ஏறிக்கொள்கிறார். முடிவில் குண்டு வெடிக்கவில்லை. பையன் மனம் மாறிவிடுகிறான்.

அப்டைக் அவனைக் கொடியவனாகக் காட்டவில்லை. ஒழுக்கமான, கூச்ச சுபாவம் உள்ள பையனாகவே காட்டுகிறார். அதுவரை நல்லதுதான். பிறகு என்ன குறை?

ஜாக் லெவிக்கு ஒரு மனைவி உண்டு. அலுப்பு உண்டு. சபலம் உண்டு. பழைய நினைவுகள் உண்டு. அவரைப் படிக்கும்போது நம் பக்கத்து வீட்டுக்காரரைப் போல் இருக்கிறார். அகமதுவுக்கு என்ன உண்டு? தொழுகை, வெறுப்பு, லாரி! தொழுகையில் தொடங்கும் கோடு நேராக வெடிகுண்டில் போய் முடிகிறது. "இந்தப் பையன் உயிருள்ள பையனாக இல்லை" என்று அமெரிக்க விமர்சகர்கள் சிலரே குறை கூறினார்கள்.

உலகில் கோடிக்கணக்கானவர்கள் நாள்தோறும் தொழுகிறார்கள். தொழுது முடித்துக் கடைக்குப் போகிறார்கள், ஆபீசுக்குப் போகிறார்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுகிறார்கள். அகமதுவை மட்டுமே அறிந்த வாசகர், அடுத்த முறை ஓர் இளைஞன் தொழுவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? லாரியைத்தானே தேடுவார்!

ஆண்டு வந்தது, பூச்சாண்டி வரவில்லை

அடுத்து பிரான்சு. அங்கே மிஷேல் ஹூல்பெக் என்ற நாவலாசிரியர் இருக்கிறார். அவர் எழுதிய "சூமிசியோன்" என்ற நாவல் 2015 ஜனவரி 7-ந் தேதி விற்பனைக்கு வந்தது. "அடிபணிதல்" என்று பொருள்.

வரப்போகும் 2022-ல் நடப்பதாக எழுதப்பட்ட கதை. அந்த ஆண்டு தேர்தலில் ஒரு முஸ்லிம் கட்சித் தலைவர் பிரான்சின் ஜனாதிபதி ஆகிவிடுகிறார்! பெண்கள் வேலையை விட்டு வீட்டுக்குப் போகிறார்கள். பலதார மணம் வருகிறது. பல்கலைக்கழகத்துக்குச் சவுதி அரேபியப் பணம் வந்து கொட்டுகிறது. மதம் மாறினால் பேராசிரியர் வேலை, பெரிய சம்பளம், இளம் மனைவிகள்! கதை சொல்லும் பேராசிரியர் யோசிக்கிறார். மதம் மாறினால் நஷ்டம் இல்லை என்ற இடத்துக்கு வந்து சேருகிறார்.

"ஹூல்பெக் கிண்டல் செய்வது முஸ்லிம்களை அல்ல, பதவிக்கும் பணத்துக்கும் விலைபோகும் பிரெஞ்சுப் படிப்பாளிகளைத்தான்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கிண்டலுக்கு அவர் கையில் எடுத்த ஆயுதம் எது? "அவர்கள் வந்து நம்மை ஆளப் போகிறார்கள்" என்ற பழைய பயம்தான்.

நாவல் வெளிவந்த அதே நாளில் பாரிஸ் நகரில் பயங்கரம் நடந்தது. "சார்லி எப்தோ" என்ற கேலிப் பத்திரிகையின் அலுவலகத்துக்குள் இருவர் துப்பாக்கியுடன் புகுந்தார்கள். 12 பேரைக் கொன்றார்கள். அந்த வாரம் அந்தப் பத்திரிகையின் அட்டையில் இருந்த கேலிப்படம் ஹூல்பெக்கின் படம்!

கொலைகாரர்கள் முஸ்லிம்கள். செய்தி உலகம் எங்கும் பரவியது. நாவல் சொன்னது நடந்துவிட்டது போலப் பலருக்குத் தோன்றியது. ஆனால் அந்த நாளின் கதையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அன்று தெருவில் சுட்டுக் கொல்லப்பட்ட போலீஸ்காரர் ஒரு முஸ்லிம்.

இரண்டு நாள் கழித்து, பாரிஸில் யூதர்களின் கடை ஒன்றுக்குள் இன்னொரு கொலைகாரன் புகுந்தான். நான்கு பேரைச் சுட்டுக் கொன்றான். அந்தக் கடையில் மாலி நாட்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் வேலை பார்த்தார். அவரும் முஸ்லிம். கடைக்கு வந்தவர்களைக் கீழ்த்தளத்தில் இருந்த குளிர்சாதன அறைக்குள் ஒளித்து வைத்தார். விளக்கை அணைத்தார். பிறகு சரக்கு ஏற்றும் லிப்ட் வழியாக வெளியே வந்து போலீசாரிடம் ஓடினார்.

போலீசார் என்ன செய்தார்கள்? முதலில் அவருக்கே கைவிலங்கு மாட்டினார்கள்! கொலைகாரனின் கூட்டாளி என்று எண்ணிவிட்டார்கள். உண்மை தெரிய நேரமாயிற்று. அந்த மாதமே பிரெஞ்சு அரசாங்கம் அவரைப் பாராட்டிக் குடியுரிமை கொடுத்தது.

சரி, நாவல் சொன்ன 2022-ம் ஆண்டு வந்ததா? வந்தது. ஜனாதிபதி தேர்தலும் நடந்தது. 12 பேர் போட்டியிட்டார்கள். அவர்களில் முஸ்லிம் கட்சி வேட்பாளர் ஒருவர்கூட இல்லை. முன்பே ஜனாதிபதியாக இருந்த மக்ரோன் மீண்டும் வெற்றி பெற்றார். அவரிடம் தோற்றவர் மரீன் லெ பென். குடியேறி வருகிறவர்களை எதிர்த்து ஓட்டுக் கேட்கும் கட்சியின் வேட்பாளர் அவர்! பூச்சாண்டி வரவில்லை. பூச்சாண்டியைக் கண்டு பயந்தவர்களின் ஓட்டு மட்டும் பெருகி இருந்தது.

வீட்டுக்குள் நுழையும் கதைகள்

இதற்கு என்ன மருந்து? புத்தகத்தைத் தடை செய்வதா? வழக்குப் போடுவதா? ஹூல்பெக் இஸ்லாம் மதத்தை இழிவாகப் பேசினார் என்று முன்பு பாரிஸ் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2002-ல் அவர் விடுதலை ஆனார். அவருடைய புகழ் குறையவில்லை.

கதைக்கு மருந்து இன்னொரு கதைதான். அந்த மருந்தும் வந்திருக்கிறது.

மோசின் ஹமீது பாகிஸ்தானில் பிறந்தவர். 2007-ல் "தி ரிலக்டன்ட் பண்டமென்டலிஸ்ட்" என்ற நாவலை எழுதினார். லாகூர் கடைத்தெருவில் ஓர் ஓட்டல். தாடி வைத்த சங்கேஸ் என்ற இளைஞன், அங்கே ஓர் அமெரிக்கருடன் உட்கார்ந்து பேசுகிறான். தான் அமெரிக்காவில் படித்தது, நியூயார்க்கில் பெரிய வேலை பார்த்தது, ஒரு பெண்ணைக் காதலித்தது எல்லாம் சொல்லுகிறான். கோபுரங்கள் விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது தன்னை அறியாமல் புன்னகை வந்ததையும் சொல்லுகிறான்! ஆசிரியர் அவனுக்கு வெள்ளை பூசவில்லை.

இருட்டுகிறது. அமெரிக்கருக்குப் பயம். நமக்கும் பயம். "இவன் கொல்லப் போகிறானா?" என்று நினைக்கிறோம். கடைசியில் அமெரிக்கர் சட்டைக்குள் கையை விடுகிறார். உள்ளே ஏதோ மின்னுகிறது. துப்பாக்கியா? வேறு பொருளா? கதை அங்கே முடிந்துவிடுகிறது. புத்தகத்தை மூடிய பிறகுதான் ஒன்று உறைக்கிறது. அந்த இளைஞன் கதை முழுவதும் பேசியதைத் தவிர ஒரு கெடுதலும் செய்யவில்லை. பயத்தைக் கொண்டு வந்தவர்கள் நாம்!

கமிலா சம்சி என்ற பெண் எழுத்தாளர் 2017-ல் "ஹோம் பயர்" என்ற நாவலை எழுதினார். 2018-ல் பெண்களுக்கான இங்கிலாந்து நாவல் பரிசு அதற்குக் கிடைத்தது. லண்டனில் வாழும் இஸ்மா மேல்படிப்புக்காக அமெரிக்கா புறப்படுகிறாள். விமான நிலையத்தில் தனி அறையில் உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். பெட்டியைக் குடைகிறார்கள். விமானம் போய்விடுகிறது!

அவள் தம்பி உண்மையாகவே பயங்கரவாதிகளுடன் போய்ச் சேர்ந்துவிடுகிறான். ஆசிரியை அதை மறைக்கவில்லை. ஆனால் அவன் இன்னாருடைய மகன், இன்னாருடைய தம்பி, எதைத் தேடி ஏமாந்து போனான் என்று நமக்குத் தெரிகிறது. அவன் செய்தது தவறு என்று நமக்கு முன்னால் அவனுடைய அக்காளே சொல்லுகிறாள். அவனுக்கு ஒரு வீடு இருக்கிறது. நாம் அந்த வீட்டுக்குள் போய் வந்துவிட்டோம். பிறகு ஏது பூச்சாண்டி?

படிக்கும் பிள்ளைகள்

இந்த நாவல்களை முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இதை நாம் மறந்துவிடுகிறோம். புத்தகத்தைத் திறந்ததும் ஒரு பிள்ளை தன்னைத் தேடும். தன் தகப்பனைத் தேடும். பத்துப் புத்தகத்தைத் திறந்தாலும் குண்டு வைப்பவனாகவே தகப்பன் வந்தால், அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்? பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அதைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும்?

பயங்கரவாதியைப் பற்றிக் கதை எழுதக் கூடாது என்பதில்லை. எழுதத்தான் வேண்டும். ஆனால் படிக்கிற நாம் சில கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். இந்த ஆள் எப்போது சாப்பிடுகிறான்? எதற்குச் சிரிக்கிறான்? யாருக்குக் கடன் பட்டிருக்கிறான்? அவன் நோயில் படுத்தால் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? கதையில் இதற்கெல்லாம் பதில் இருந்தால், அவன் மனிதன். நல்லவனோ கெட்டவனோ, நாமே முடிவு செய்யலாம். பதில் இல்லாவிட்டால், ஆசிரியர் நமக்குப் பூச்சாண்டி காட்டுகிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

பயந்த குழந்தை என்றைக்காவது வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்கும். அங்கே பூச்சாண்டி இருக்க மாட்டான். வேலை முடிந்து வீடு திரும்பும் யாரோ ஒருவர் போய்க்கொண்டிருப்பார். அவர் வீட்டிலும் ஒரு குழந்தை சோறு உண்ண மறுத்து அடம் பிடித்துக்கொண்டிருக்கும்.