ஜிம் மாஸ்டர் ஊசி போடலாமா? போலீஸ் வேலைக்கு உடம்பு ஏத்தும் பசங்க கவனத்துக்கு...

சங்கரன்கோவில்:

போலீஸ் வேலைக்கு முயற்சி செய்யும் பசங்க ஜிம்மில் சேருவது சங்கரன்கோவில் பக்கம் வழக்கம்தான். இரண்டாம் நிலை காவலர் தேர்வுக்கு ஆண்களுக்கு மார்பளவு 81 செ.மீ. வேண்டும். மூச்சு இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். "ஒரு ஊசி போட்டா ரெண்டு மாசத்துல ஏறிடும்" என்று மாஸ்டர் சொன்னால், தறி ஓட்டி சேர்த்த காசை அப்படியே எடுத்துக் கொடுக்கிற பசங்களும் உண்டு.

மாஸ்டர் ஊசி போடலாமா? கூடவே கூடாது. டாக்டராகப் பதிவு செய்யாமல் வைத்தியம் பார்த்தால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி (2019) ஓராண்டு வரை ஜெயில், ரூ.5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கும்.

ஜிம்களில் புழங்கும் ஊசி சத்து ஊசி அல்ல, ஆண் ஹார்மோன். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து. வெளியே இருந்து ஏற்ற ஏற்ற, உடம்பு சொந்தமாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். விரை சுருங்கும், விந்தணு குறையும், ஆணுக்கு மார்பு பெண் போல வீங்கும். கல்யாணமாகி குழந்தை இல்லை என்று ஆஸ்பத்திரி படி ஏறும்போதுதான் பலருக்கு பழைய ஊசி ஞாபகம் வரும்.

இன்னொன்று மெபென்டெர்மின். ஆபரேஷனுக்கு முதுகில் மயக்க ஊசி போட்டு பிரஷர் இறங்கிவிட்டால், அதை ஏற்ற டாக்டர்கள் போடும் மருந்து இது. வெயிட் தூக்க வேகம் வரும் என்று இதையும் சிலர் போட்டுக்கொள்கிறார்கள். நல்லா இருக்கிறவன் பிரஷரை ஏற்றினால் இதயம் என்ன ஆகும்?

சென்னை அருகே ஆவடி பகுதியில் 2023-ம் ஆண்டு 25 வயது ஜிம் பயிற்சியாளர் இறந்துபோனார். ஆணழகன் போட்டிக்காக ஸ்டீராய்டு எடுத்ததில் சிறுநீரகம் கெட்டதாக அப்போது செய்தி வந்தது. சொல்லிக்கொடுக்கிறவருக்கே இந்தக் கதி!

மாஸ்டர் வேலை எதுவரை?

உடற்பயிற்சி சொல்லித் தரலாம். வெயிட்டை எப்படிப் பிடிக்கணும், எத்தனை முறை தூக்கணும் என்று திருத்தலாம். முட்டை, பயறு, தண்ணி என்று பொதுவாகச் சொல்லலாம். சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா உள்ளவருக்கு சாப்பாட்டுப் பட்டியல் போடுவதும், மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் அவர் வேலை இல்லை. மூட்டு விலகினால் இழுத்துவிடுவதும் அவர் வேலை இல்லை.

டாக்டருக்கு இருக்கிற மாதிரி கவுன்சில் பதிவு ஜிம் மாஸ்டருக்கு இந்தியாவில் கிடையாது. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. மாஸ்டரிடம் அது இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

பவுடர் டப்பா வாங்கினால் 14 இலக்க உணவு பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா பார்க்கணும். சத்துப் பவுடரில் ஹார்மோன், ஸ்டீராய்டு கலக்க விதிமுறையில் அனுமதி இல்லை.

மார்பு விரிவது மூச்சுப் பயிற்சியில் இருக்கிறது, ஊசியில் இல்லை. கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108. ஜிம்மில் யாராவது ஊசி போட்டால் தென்காசி மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமோ, மருந்து ஆய்வாளரிடமோ, போலீசிலோ புகார் கொடுக்கலாம்.