பாட்டியின் கண்ணுயரத்தில் கேமரா: தோட்டத்து நினைவுகளைப் பேட்டி எடுப்போர் அறிய வேண்டியவை

பத்து காவான் – செபராங் பிறை தெற்கில் உள்ள இந்த வட்டாரத்தை இன்று புதிதாகப் பார்ப்பவருக்கு, இது தோட்டமாக இருந்த நிலம் என்பதைச் சொன்னால்தான் தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் கரும்பு, பிறகு ரப்பர், செம்பனை என்று மாறிய மண் இது. 2000-ஆம் ஆண்டில் இங்கே விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. 2014 மார்ச் 1-ஆம் தேதி 24 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்கு இரண்டாவது பாலம் திறக்கப்பட்டு, தீவின் பத்து மாவுங்கையும் இவ்விடத்தையும் இணைத்தது. 2019-இல் ஐக்கியா வந்தது. தொழிற்பேட்டையும் புதிய குடியிருப்புகளும் ஆண்டுதோறும் விரிந்துகொண்டிருக்கின்றன.

லயன் வீடுகளும் பெரட்டுக் களமும் ஆயாக் கொட்டகையும் எங்கே இருந்தன என்பது இப்போது முதியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அன்று புரோவின்ஸ் வெல்லெஸ்லி எனப்பட்ட செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதை நேரில் கண்டவர் இன்று யாரும் இல்லை. ஜப்பானியர் காலத்தில், 1942-இல் 10 வயதாக இருந்தவர்கூட இப்போது 90 வயதைக் கடந்தவர்.

ஆகவே, கைப்பேசியில் ஒரு பேட்டியாவது எடுத்து வைப்போம் என்று பல குடும்பங்களும் பள்ளி மாணவர்களும் ஆலயக் குழுக்களும் நினைப்பது நல்ல காரியம். ஆனால் கேமராவை எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பது அந்த முதியவர் திரையில் எப்படித் தெரிவார் என்பதைத் தீர்மானிக்கும். அவர் சொல்லும் சொல்லைப் போலவே அதுவும் பார்ப்பவரிடம் பேசும். அதற்கான அடிப்படைகள் இங்கே தரப்படுகின்றன.

உயரம்

வழக்கமாக நடப்பது இதுதான். பாட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருப்பார். பேரன் நின்றபடி கைப்பேசியைப் பிடித்திருப்பான். கேமரா மேலிருந்து கீழே பார்க்கும். இதை சினிமாக்காரர்கள் ஹை ஆங்கிள் என்பார்கள். இப்படி எடுத்தால் ஆள் சிறியவராகவும் ஒடுங்கியவராகவும் தெரிவார். படத்தில் ஒருவர் தோற்றுப்போனவர் என்று காட்ட இயக்குநர்கள் வேண்டுமென்றே பயன்படுத்தும் கோணம் இது.

தோட்டத்தில் துரையும் கிராணியும் நின்றுகொண்டிருக்க, தொழிலாளி அண்ணாந்து பதில் சொன்ன காலம் ஒன்று இருந்தது. பேரன் எடுக்கும் படத்திலும் அதே உயர வேறுபாடு இருக்க வேண்டியதில்லை.

கேமராவின் லென்ஸ், பேசுபவரின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். அவர் நாற்காலியில் அமர்ந்தால் கேமராவும் அந்த உயரத்துக்கு வர வேண்டும். தரையில் காலை நீட்டி அமர்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டியை எடுக்கும்போது கேமராவும் தரைக்கு இறங்க வேண்டும். முக்காலி இல்லையென்றால் நாற்காலியின் மேல் புத்தகங்களை அடுக்கி அதில் சாய்த்து வைக்கலாம்.

மிகவும் கீழே இறக்கினாலும் சிக்கல்தான். தாடையும் மூக்குத் துவாரமும் கூரை விசிறியும்தான் தெரியும். சாய்வு நாற்காலியில் சாய்ந்தவரை எடுக்கும்போது இது அடிக்கடி நேரும். அவருக்குச் சிரமம் இல்லையென்றால் நிமிர்ந்த நாற்காலிக்கு மாற்றி, முதுகுக்கு ஒரு தலையணை கொடுப்பது நல்லது.

தூரம்

பேட்டிக்கு நான்கு அளவுகள் போதும். ஆளையும் அவர் அமர்ந்திருக்கும் இடத்தையும் சேர்த்துக் காட்டுவது லாங் ஷாட். இடுப்புக்கு மேல் காட்டுவது மிட் ஷாட். மார்புக்கு மேல் காட்டுவது மார்பளவுக் காட்சி. முகத்தை மட்டும் காட்டுவது குளோசப்.

பேட்டியை லாங் ஷாட்டில் தொடங்கி, பெயர், பிறந்த தோட்டம், பெற்றோர் செய்த வேலை ஆகியவற்றைக் கேட்கலாம். பார்ப்பவருக்கு இடம் பழகிவிடும். பெரும்பகுதியை மிட் ஷாட்டில் எடுப்பது தோட்டத்து முதியவர்களுக்குப் பொருத்தமானது. காரணம், அவர்கள் கையால் பேசுபவர்கள். பால் மரத்தில் கத்தியை எந்தச் சரிவில் இழுப்பது, மங்கை எங்கே வைப்பது, பால் வாளியை எப்படித் தூக்குவது என்பதை வாய் சொல்வதற்கு முன்பே கை செய்து காட்டிவிடும். மார்பளவில் எடுத்தால் அந்தக் கை சட்டகத்துக்கு வெளியே போய்விடும்.

தலைக்கு மேல் சிறிதளவு இடம் விட்டால் போதும். நிறைய விட்டால் ஆள் சட்டகத்தின் அடியில் மூழ்கியதுபோல் இருப்பார். மணிக்கட்டு, முழங்கால் போன்ற மூட்டுகளில் சட்டகம் வெட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைப்பேசியை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தெரியும். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, கைப்பேசியில் இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். திரையை விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் படத்தின் தெளிவு குறையும்.

பார்வை

1935-இல் பிரிட்டனில் ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்ஸ்டி ஆகிய இருவரும் ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார்கள். லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் குடிசைகளில் வாழ்ந்த தொழிலாளர்கள் தங்கள் வீட்டிலேயே நின்று, கேமராவைப் பார்த்து, எலியையும் மூட்டைப்பூச்சியையும் பற்றித் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். ஏழைகளைப் பற்றி வேறொருவர் விளக்கவுரை படிப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் அது புதுமை.

கேமராவை நேராகப் பார்த்துப் பேசுவது பார்ப்பவரிடமே பேசுவதுபோல் இருக்கும். ஆனால் பழக்கமில்லாத முதியவருக்கு ஒரு கண்ணாடி வில்லையிடம் கதை சொல்வது கடினம். ஆகவே கேள்வி கேட்பவர் கேமராவை ஒட்டி, லென்ஸின் பக்கத்தில் தன் முகம் இருக்கும்படி அமர வேண்டும். பாட்டி பேத்தியைப் பார்த்துப் பேசுவார். இரு கண்களும் படத்தில் தெரியும். பேத்தி தூரமாக ஒரு பக்கம் போய் அமர்ந்தால் பாட்டியின் ஒரு கன்னமும் ஒரு காதும்தான் பதிவாகும்.

எந்தப் பக்கம் அமர்வது என்பதற்கு எளிய விடை உண்டு. எந்தக் காது நன்றாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம். முதலில் அதைக் கேட்டறிந்து, பிறகு கேமராவின் இடத்தை முடிவு செய்யலாம். அவர் வலப் பக்கம் பார்த்துப் பேசினால் சட்டகத்தில் வலப் பக்கம் கூடுதல் இடம் விட வேண்டும். இல்லையென்றால் சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும்.

பேட்டியின் முடிவில், “பேரப்பிள்ளைகளுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க பாட்டி?” என்று கேட்டு, அந்தப் பதிலை மட்டும் லென்ஸைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம்.

இரண்டு கைப்பேசிகள் இருந்தால், பாட்டிக்கும் கேட்பவருக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, இரண்டையும் கோட்டின் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் இரண்டு காட்சிகளையும் ஒட்டும்போது பாட்டி திடீரென்று திசை மாறி அமர்ந்ததுபோல் தெரியும். ஒன்று மிட் ஷாட் என்றால் மற்றது வேறு அளவில், சற்று விலகிய கோணத்தில் இருக்கட்டும்.

பின்னணி

பத்து காவானில் எடுப்பவர்களுக்கு இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, மாலையில் பாலத்தைப் பின்னால் வைத்து எடுப்பது. கடல் மேற்கே இருப்பதால் அந்நேரத்தில் சூரியன் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முகம் கறுத்து நிழலுருவம் மட்டும் தெரியும். கடற்காற்று பேச்சை விழுங்கிவிடும். பாலத்தைத் தனியாக ஒரு காட்சி எடுத்து வைத்துக்கொண்டு, பேட்டியை வேறிடத்தில் எடுக்கலாம்.

மற்றொன்று, பெரிய தொழிற்சாலையின் முன் பாட்டியைச் சிறிய உருவமாக நிறுத்தி எடுப்பது. பார்த்தவுடன் இரக்கம் வரும். ஆனால் அந்தச் சட்டகம், பாட்டி பேசுவதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுகிறது. அவருடைய பேரன் அந்தத் தொழிற்பேட்டையிலேயே வேலை செய்துகொண்டிருக்கலாம். தோட்டத்தை விட்டு வந்ததில் அவருக்கு வருத்தம் இருக்கலாம், நிம்மதியும் இருக்கலாம்.

அதைவிட, உடல்நிலை இடம் கொடுத்தால், காலை வெயில் ஏறுவதற்கு முன் அவரைப் பழைய இடத்துக்கு அழைத்துப்போய் நடக்கவிடலாம். “இங்கதான் லயன் இருந்துச்சு, அங்க தண்ணிப் பீலி” என்று கை நீட்டும்போது, நீட்டிய கையும் அது காட்டும் நிலமும் ஒரே சட்டகத்தில் வரும்படி லாங் ஷாட்டில் எடுக்க வேண்டும். பின்னாளில் வரைபடம் தயாரிப்பவருக்கும் அந்தக் காட்சி பயன்படும்.

வீட்டுக்குள் எடுத்தால் சுவரை ஒட்டி உட்கார வைக்காமல் ஒரு மீட்டராவது முன்னே தள்ளி அமர்த்தினால் படத்துக்கு ஆழம் கிடைக்கும். சாமிப் படமும் குடும்பப் படமும் பின்னால் இருக்கட்டும். தலையிலிருந்து மின்கம்பம் முளைத்ததுபோல் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கண்ணீர் வரும்போது

415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதையை அமைக்க ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பாத அப்பாவைப் பற்றியோ, பாலின்றி இறந்த தங்கையைப் பற்றியோ பேசும்போது முதியவர் உடைந்துபோகலாம். அப்போது முகத்தை நோக்கிப் பெரிதாக்கிக்கொண்டு போகும் ஆசை எடுப்பவருக்கு வரும்.

உலகில் இந்தக் கேள்வியை நீண்ட காலம் எதிர்கொண்டவர்கள் யூத இனப்படுகொலையில் தப்பியவர்களைப் பேட்டி கண்டவர்கள். 1994-இல் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தொடங்கிய ஷோவா அறக்கட்டளை 50,000-க்கும் மேற்பட்ட பேட்டிகளைப் பதிவு செய்தது. பெரும்பாலானவை அவரவர் வீட்டிலேயே எடுக்கப்பட்டன. பேச்சு நடக்கும்போது சட்டகம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். முடிவில் குடும்பத்தார் வந்து உடன் அமர்வார்கள். பழைய படங்களும் ஆவணங்களும் தனியே பதிவாகும்.

இதற்கு வேறுபட்டது, கிளாட் லான்ஸ்மன் 1985-இல் வெளியிட்ட, 9 மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ‘ஷோவா’ படம். டிரெப்ளிங்கா முகாமில், கொல்லப்படவிருந்த பெண்களின் முடியை வெட்டக் கட்டாயப்படுத்தப்பட்ட ஆபிரகாம் போம்பாவை, ஒரு முடிதிருத்தும் கடையில் கத்தரிக்கோலுடன் நிறுத்தி லான்ஸ்மன் பேச வைத்தார். போம்பா பேச முடியாமல் நிறுத்தியபோதும் கேமரா ஓடியது. தொடரும்படி இயக்குநர் வற்புறுத்தினார். அது சரியா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள்.

குடும்பப் பேட்டிக்கு இவ்விரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். கையில் பழைய தொழிற்கருவியைக் கொடுத்தால் நினைவு வரும். பால் வெட்டிய பாட்டியிடம் கத்தியைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் கண்ணீர் வந்தால் கேமரா அப்படியே அசையாமல் நிற்க வேண்டும். கேட்பவர் அமைதியாக இருக்க வேண்டும். போதும் என்று அவர் சொன்னால் நிறுத்திவிட வேண்டும். குளோசப் தேவையென்றால், அவர் மனம் நிலைகொண்டு பேசும் வேறொரு நேரத்தில் எடுக்கலாம்.

துணைக் காட்சிகள், ஒளி, ஒலி

பேட்டி முடிந்தபின் கை, பழைய அடையாள அட்டை, கல்யாணப் படம், மங்கு, கத்தி ஆகியவற்றை ஒவ்வொன்றும் 10 விநாடி அசையாமல் எடுத்து வைக்கலாம். நீண்ட பதிலைச் சுருக்கும்போது வெட்டிய இடத்தில் முகம் துள்ளுவதை இவை மறைக்கும். அடையாள அட்டை எண் மட்டும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கமாகச் சாய்வாக விழட்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். மூக்குக் கண்ணாடியில் வெளிச்சம் மின்னினால், காதருகே உள்ள அதன் தண்டைச் சிறிது உயர்த்தினால் போதும். குழல் விளக்கின் கீழ் படம் விட்டுவிட்டு மின்னினால், கைப்பேசியை விநாடிக்கு 25 பிரேம் என்ற அளவுக்கு மாற்ற வேண்டும். மலேசியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதே காரணம்.

விசிறியையும் தொலைக்காட்சியையும் அணைக்க வேண்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் நின்றபின் தொடரலாம். சட்டையில் குத்தும் சிறிய மைக் இருந்தால் வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்தலாம். கேட்பவர் “ஆமா, ஆமா” என்று குறுக்கிடாமல் தலையசைத்தால் போதும். தொடங்கும் முன் கைப்பேசியைப் படுக்கைவாட்டில் வைத்து, அழைப்புகள் வராதபடி விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட வேண்டும்.

அனுமதி

பேட்டி எடுப்பதற்கு முன்பே, இது வீட்டுக்குள் இருக்குமா, புலனத்தில் போகுமா, பள்ளி விழாவில் திரையிடப்படுமா என்பதை முதியவரிடம் சொல்ல வேண்டும். கடன், சாதிச் சண்டை, அடுத்த வீட்டுத் திருமணம் என்று தோட்டத்துக் கதையில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் பலர் வருவார்கள். எடுத்ததை அவருக்கே போட்டுக் காட்டி, எதை நீக்க வேண்டும் என்று கேட்டு நீக்கியபின் பகிர வேண்டும்.

பகிர்வதற்குச் சுருக்கிய வடிவம் போதும். ஆனால் வெட்டாத முழுப் பதிவை, பேசியவரின் பெயர், தோட்டத்தின் பெயர், எடுத்த தேதி ஆகியவற்றோடு குறைந்தது இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். புலனத்தில் அனுப்பிய காணொலி தரம் குறைந்துதான் போய்ச் சேரும். பழைய கைப்பேசியோடு தொலைந்துபோகும் பேட்டியை மறுபடி எடுக்க, பாட்டி எப்போதும் இருக்க மாட்டார்.